பேரு காலியா இருக்கா?

கடைக்கு இடம் பார்த்தாயிற்று. தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, போகிற போக்கில் அங்கிருந்த மேற்பார்வையாளரிடம் இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததையெல்லாம் ஆசை தீரச் சொல்லிவிட்டும் வந்துவிட்டாள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. எல்லாம் தயார், பேர் மட்டும்தான் இல்லை.

கட்டட உரிமையாளர் கறாரான மனிதர். "பதிவு ஆபீஸ்ல பேரை எடுத்துட்டு ரசீதைக் காட்டுங்க, சாவியை வாங்கிக்குங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல தாங்காது. பழச்சாறு கடைக்காரர் அதே இடத்தைக் கேட்டுத் தினமும் போன் பண்றாரு" என்று சொல்லிவிட்டார். பேரும் இல்லாமல் பதிவும் இல்லாமல் கடை வைத்த ஒருவர் முன்பு அவர் இடத்திலிருந்து ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோனதிலிருந்து அவர் அப்படித்தான்.

பேர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை தணிக்கையிடம் வந்து சேர்ந்தது. அண்ணியின் நாத்தனாருக்கு வீட்டில் வைத்திருக்கும் பேர் அதுதான். தெருமுனை வரை போய்விட்டு, கேஸை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள். பகலில் மருந்து மொத்தக் கடையில் சரக்கு சரிபார்க்கிறாள், மாலையில் வணிகச் சட்ட வகுப்புக்குப் போகிறாள். சட்டம் படிக்கிறாள் என்பதால் வேலை அவளிடம் வந்தது. தன்னால் ஆகுமா என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது. அந்தச் சந்தேகத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூவரும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பார்சல் வேன் ஓட்டுகிற அண்ணன் சீருடையைக்கூட மாற்றவில்லை. தணிக்கை போனில் பதிவு ஆபீஸின் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"ஊசி நூல்," என்றாள் அண்ணி, ஏற்கெனவே பலகை மாட்டிவிட்டவள் மாதிரி.

"எடுத்துட்டாங்க அண்ணி."

"எவன்?"

"ஒரு டீக்கடை."

"டீக்கடைக்கு எதுக்குடி ஊசி நூல்? வடைக்குத் தையல் போடறானா?"

"தொழில் வேறயா இருந்தாலும் அதே பேரைக் கொடுக்க மாட்டாங்க. விதி அப்படி."

"சரி, பொத்தான்."

"அதுவும் போச்சு. டிவி ரிமோட் ரிப்பேர் பண்றவங்க வச்சிருக்காங்க."

"கச்சிதம்!" என்றான் அண்ணன். "எப்படி? கச்சிதம்! தைச்சா கச்சிதமா இருக்கணும்ல?"

தணிக்கை தட்டிப் பார்த்தாள். போனை முகத்துக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள். "இருக்கு அண்ணா. யாருன்னு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"சவப்பெட்டிக் கடை."

அண்ணி எட்டிப் போனைப் பார்த்தாள். பிறகு அண்ணன் மெதுவாக, "அவரும் அளவெடுத்துத்தானே செய்யறாரு" என்றான். அவ்வளவுதான். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்கப் போனவள் குழாயடியில் நின்று மறுபடி சிரித்தாள். "சரியா இல்லேன்னா திருப்பிக் கொண்டுவாங்கன்னு சொல்ல முடியாது அவரால!" என்று அங்கிருந்தே கத்தினாள். தணிக்கைக்குக் கண்ணில் நீர் வந்து எழுத்தே தெரியவில்லை.

ஆனால் நேரம் ஆக ஆகச் சிரிப்பு தேய்ந்தது. நல்ல பேரெல்லாம் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். காலியாக இருந்த பேர்களைச் சொல்லிப் பார்த்தால், ஏன் காலியாக இருக்கின்றன என்பது உடனே தெரிந்தது. அண்ணன் அலுத்துப்போய் எழுந்தான். எழுந்தபோது அவனுடைய பேண்ட் பின்பக்கம் பர்ரென்று ஒரு சத்தம் போட்டது.

"போச்சு. இதைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்."

"கழட்டிக் கொடுங்க. இன்னும் கொஞ்ச நாள் போடலாம்," என்றாள் அண்ணி.

"எப்பப் பாரு இதையே சொல்லு. போன வருஷமும் இன்னும் கொஞ்ச நாள். அதுக்கு முந்தின வருஷமும்..." என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். பின்னால் ஒரு கையால் பேண்டைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தான். அண்ணி தணிக்கையைப் பார்த்தாள். தணிக்கையின் விரல் அதற்குள் எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்திருந்தது.

இன்னும் கொஞ்ச நாள்.

"காலியா இருக்கு," என்றாள், சத்தம் வராமல்.

அண்ணன் கிழிந்த பேண்டோடு ஆடினான். பழைய துணியைத் தைத்துக் கொடுக்கிற கடைக்கு இதைவிட என்ன பேர் வேண்டும்? ஜிப் போனால், முட்டி தேய்ந்தால், ஓரம் பிரிந்தால், இன்னும் கொஞ்ச நாள். அண்ணி அதை வேகமாகச் சொன்னாள், இழுத்துச் சொன்னாள், போனை எடுத்துப் பேசுகிற மாதிரி, "வணக்கம், இன்னும் கொஞ்ச நாள்!" என்று சொல்லிப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல ஆபீஸ் திறந்ததும் போய் எடுத்துடறோம். முடிஞ்சது."

"முடியலை அண்ணி," என்றாள் தணிக்கை.

விண்ணப்பத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி இருந்தது. என் அறிவுக்கு எட்டியவரை இந்தப் பெயரில் வேறு எவரும் தொழில் நடத்தவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். தளத்தில் இல்லையென்றால் பதிவு செய்தவர் இல்லை என்றுதான் அர்த்தம். பதிவே செய்யாமல் பல வருஷமாக ஒரு பேரை வைத்துப் பிழைப்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் உரிமை உண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அண்ணியின் சார்பில் விண்ணப்பிப்பவள் அவள். கையெழுத்து அவளுடையது.

"உன் அறிவு எட்டறது நம்ம வாசல் வரைக்கும்தான். பேசாம போட்டுட்டு வா," என்றான் அண்ணன்.

"எட்டலேன்னா எட்ட வைக்கணும். ஒரே ஒரு நாள் கொடுங்க. தையல்காரர் தெருவில ஒரு கடை விடாம கேட்டுடறேன். அதுக்கப்புறம் நிம்மதியாக் கையெழுத்துப் போடுவேன்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ தனியாப் போனா வாசல்லயே நின்னு யோசிச்சிட்டு இருப்பே. நானும் வர்றேன்."

தையல்காரர் தெரு நீளமான தெரு. தைப்பவர்கள், பொத்தான் விற்பவர்கள், ஜிப் விற்பவர்கள், இஸ்திரி போடுபவர்கள் என்று இரண்டு பக்கமும் கடைகள். புதன்கிழமை தணிக்கை விடுப்பு எடுத்துக்கொண்டாள். முதல் கடையில், "மன்னிக்கணும், ஒரு சின்ன விஷயம், தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க" என்று அவள் ஆரம்பித்ததுமே அண்ணி அவளை ஓரமாக நகர்த்திவிட்டு முன்னால் வந்துவிட்டாள்.

"அண்ணே, 'இன்னும் கொஞ்ச நாள்'னு ஒரு பேரு. உங்களோடதா?"

"இல்லையே."

"உங்களுக்குத் தெரிஞ்ச யாரோடதாவது?"

"இல்லையேம்மா. எதுக்கு?"

"எங்க கடைக்கு வைக்கப் போறோம். பழைய துணி எல்லாம் தைச்சுத் தருவேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வாங்க. ஆமா, அந்தக் காலர் என்ன இப்படித் தேஞ்சிருக்கு? கொண்டாங்க, திருப்பிப் போட்டுத் தர்றேன்."

கடைக்குக் கடை இதே கதை. பொத்தான் கடை அம்மா, "என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தா அதுதான் வரும். எப்ப பெயின்ட் அடிப்பீங்கன்னாலும் இன்னும் கொஞ்ச நாள், எப்ப மருந்து சாப்பிடுவீங்கன்னாலும் இன்னும் கொஞ்ச நாள். ஆனா கடைக்கு வைக்கலை" என்று சொல்லிச் சிரித்தாள். கோட்டு தைக்கிற பெரிய கடைக்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "பேரு நல்லா இருக்கே, பேரு நல்லா இருக்கே" என்றார். இஸ்திரிக்காரர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவர் எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார். பாதித் தெரு தாண்டுவதற்குள் பேர் அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. போகிற கடையில் எல்லாம், "நீங்கதானே இன்னும் கொஞ்ச நாள்? எங்களோடது இல்லம்மா" என்று முந்திக்கொண்டு சொன்னார்கள். ஒருவர் ஜிப் போன பேண்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தெருக் கோடியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, பெட்டி ரிப்பேர்காரர் இருந்தார். பயணப் பெட்டிக்குச் சக்கரம் மாற்றுவார், கைப்பிடி போடுவார், பைக்கு ஜிப் வைப்பார். மேலே பலகை என்று ஒன்றும் கிடையாது. அண்ணி கேட்டதும் அவர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார்.

"திருப்பிச் சொல்லுங்கம்மா?"

"இன்னும் கொஞ்ச நாள்."

"இன்னும்... கொஞ்ச நாள்." உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "இல்லம்மா, என்னோடது இல்லை" என்று அவர் சொன்னபோது குரல் ஏனோ இறங்கியிருந்தது.

வீடு திரும்பும்போது தணிக்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்க வேண்டிய எல்லோரையும் கேட்டாயிற்று. ஒருவருக்கும் உரிமை இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைத் தான் முடித்ததாக அவளுக்கு நினைவே இல்லை. அன்று ராத்திரி கேஸைக்கூட ஒரே ஒரு முறைதான் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலையில் பதிவு ஆபீஸில் கூட்டம் இருந்தது. முறை வந்து கவுன்டரில் போய் நின்றபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கவுன்டர் அம்மாள் பேரைத் தட்டினாள், திரையைப் பார்த்தாள், விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினாள்.

"எடுத்தாச்சே."

"இல்ல மேடம், நாங்க இன்னும் எடுக்கலை," என்றாள் தணிக்கை.

"நீங்க எடுக்கலை. வேற ஒருத்தர் எடுத்துட்டாரு. இன்னைக்குக் காலைல திறந்ததும் முதல் ஆளா வந்தாரு. ஒரே சந்தோஷம் அவருக்கு, எனக்கு மிட்டாய்கூடக் கொடுத்தாரு."

செவ்வாய்க்கிழமை அந்தப் பேர் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். தளத்தில் காலியாக இருந்தது, கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். அவள் என்ன செய்தாள்? ஒரு தெரு முழுக்கக் கடை கடையாக ஏறி, இப்படி ஒரு நல்ல பேர் இருக்கிறது, இன்னும் யாரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை என்று தகவல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் விடுப்பு எடுத்துக்கொண்டு.

"அண்ணி, நான்தான்..."

"தெரியும்டி. கூட வந்து கத்தினது நான். நீயாவது மெதுவாத்தான் கேட்டே," என்றாள் அண்ணி. குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கைப்பையின் வாரை அவள் முறுக்கிய முறுக்கில் தையல் விட்டுக்கொண்டிருந்தது. நாளை மத்தியானம் சாவி பழச்சாற்றுக்குப் போய்விடும். தொழிற்சாலைக்குத் திரும்பலாம் என்றால் மேற்பார்வையாளரிடம் சொன்ன வார்த்தைகளில் ஒன்றைக்கூடத் திரும்ப வாங்க முடியாது.

தணிக்கை கவுன்டரில் குனிந்தாள். "எடுத்தவர் என்ன தொழில் மேடம்? அதை மட்டும் சொல்லலாம் இல்லையா? பதிவு எல்லாரும் பார்க்கக்கூடியதுதானே?"

அம்மாள் திரையைப் பார்த்தாள். "பெட்டி, பை பழுதுபார்த்தல்."

அண்ணனுக்குப் போன் பண்ணினார்கள். அவன் சாயங்காலம், பார்சல் கொடுத்து முடித்த வேனோடு வந்து ஏற்றிக்கொண்டான். வழி முழுக்க அண்ணி வசனம் தயார் செய்தாள். அதில் நல்ல வசனம் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்லச் சந்தர்ப்பமே வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்தால் பெட்டி ரிப்பேர்காரரைக் காணோம். அட்டைப் பலகை ஒன்று தொங்கியது, பெரிய எழுத்தில் 'இன்னும் கொஞ்ச நாள்' என்று. அதன் கீழே துணி மலை. மலையைச் சுற்றி ஜனம்.

"அந்த அக்கா எங்க?" என்று ஒருவர் துணிக் குவியலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு எந்த அக்காவையும் தெரியாதுங்க!" என்றது குவியல். ஒரு பாவாடையை விலக்கிக்கொண்டு பெட்டி ரிப்பேர்காரரின் தலை வெளியே வந்தது. அண்ணியைப் பார்த்ததும் அழாத குறையாக எழுந்தார். "வந்துட்டியா தங்கச்சி! காலைலேர்ந்து பலகையைப் பார்த்துட்டு எல்லாரும் பேண்டைக் கொண்டுவந்து கொட்டறாங்க. ஒரு பெட்டி வரலை. நேத்து தெரு பூரா சொல்லிட்டுப் போனியாமே, கொண்டுவாங்க தைச்சுத் தர்றேன்னு!"

"அதுக்காக ஏண்ணே பேரைத் திருடினீங்க?"

"திருடினேனா? நீதானே வந்து கேட்டே, இந்தப் பேரு உங்களோடதான்னு? இல்லேன்னேன். ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன். ஏன் இருக்கக் கூடாது?"

அதில் ஒரு நியாயம் இருந்து தொலைத்தது.

அப்போது ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இதைப் பாருங்கய்யா!" காலையில் கொடுத்துவிட்டுப் போன பேண்டை விரித்துக் காட்டினார். முன்பக்கத்தில் பயணப் பெட்டிக்கு வைக்கிற ஜிப், விரல் தடிமனுக்கு, இரண்டு பக்கமிருந்தும் இழுக்கிற மாதிரி இரண்டு பிடியோடு, பித்தளையில் பளபளத்தது.

"கைல இருந்தது அதுதான்," என்றார் ரிப்பேர்காரர். "நல்ல உறுதி. வேணும்னா ரெண்டு பிடியையும் சேர்த்துச் சின்னப் பூட்டு ஒண்ணு போட்டுக்கலாம்."

அண்ணன் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டான். அண்ணிக்கு மறுபடி விக்கல் வந்தது. பேண்டின் சொந்தக்காரர்கூட ஒரு கட்டத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார். தணிக்கை மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வேறு காரணத்துக்காக மலர்ந்திருந்தது.

"அண்ணி! குழம்பறாங்க! சாதாரண வாடிக்கையாளர் குழம்பறாங்களான்னுதான் சட்டம் கேட்கும். பாருங்க, எல்லாரும் குழம்பறாங்க! இந்தப் பேரைச் சொன்னா இவங்களுக்கு உங்க ஞாபகம்தான் வருது. நாம எதிர்ப்பு மனு கொடுக்கலாம். இவங்க அத்தனை பேரும் சாட்சி."

"எவ்வளவு நாள் ஆகும்?"

தணிக்கையின் முகம் வாடியது. "சில மாசம்."

"சட்டம் எதுக்கும்மா?" என்றார் ரிப்பேர்காரர். "நானே விட்டுக் கொடுத்துடறேன், இந்தத் துணியை எல்லாம் எடுத்துட்டுப் போனாப் போதும். ஆனா ஒண்ணு." பலகையை அண்ணாந்து பார்த்தார். "இத்தனை வருஷம் பேரில்லாம இருந்தேன். ஒண்ணும் தெரியலை. இன்னைக்கு ஒரு நாள் பேரோட உட்கார்ந்துட்டேன். இனிமே வெறும் மாடிப்படிக்குக் கீழே உட்கார மனசு வராது. எனக்கு ஒரு பேரு வச்சுக் கொடுங்க. இதே மாதிரி நல்லதா. காலியானதா. அப்பத்தான் இதை விடுவேன்."

கூட்டத்துக்கு இது போதாதா? "ராஜப் பெட்டி!" என்றார் ஒருவர். "சக்கர ராஜா!" என்றார் இன்னொருவர். தணிக்கை பதறிப்போனாள். "யாரும் சத்தமாச் சொல்லாதீங்க! ஒரு பேரும் வெளியில வரக்கூடாது! உள்ள வாங்க, எல்லாரும் வேனுக்குள்ள!" இதுவரை யாரையும் அதட்டியறியாத நாத்தனாரைக் கண்டு அண்ணியே ஒரு அடி பின்வாங்கினாள்.

வேனின் பின்பக்கம் ஏறி, நான்கு பேரும் காலி அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரே இருட்டு. போன் வெளிச்சத்தில் தணிக்கையின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"கைப்பிடி," என்று கிசுகிசுத்தாள் அண்ணி.

"மாடிப்படிக் கம்பி செய்யறவங்க எடுத்துட்டாங்க."

"உருளு?"

"உருளுவா? அது என்ன பேரு?"

"சக்கரம் உருளும்ல?"

"எனக்குப் பிடிக்கலை," என்றார் ரிப்பேர்காரர் இருட்டிலிருந்து. "குண்டா இருக்கேன்னு கிண்டல் பண்ற மாதிரி இருக்கு."

"பயணம்," என்றான் அண்ணன்.

"அது எடுக்காம இருக்குமா? எல்லா ஊர்க்காரனும் எடுத்திருப்பான்."

"சுமை?"

"வேணவே வேணாம்," என்றார் ரிப்பேர்காரர். "என் மாமனார் என்னை அப்படித்தான் சொல்லுவாரு."

வேன் குலுங்கியது. நால்வரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில், வெளியே நின்றவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று கதவைத் தட்டினார்கள். தட்டியவர் ஒரு கிழிந்த தோள்பைக்காரர். ரிப்பேர்காரர் கதவை ஒரு கையகலம் திறந்து, "நாளைக்குத் தர்றேங்க. வச்சுட்டுப் போயிட்டு வாங்க" என்று சொல்லிச் சாத்தினார்.

இருட்டில் அண்ணி அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே," என்றாள் அண்ணி. "இப்ப என்ன சொன்னீங்க?"

"நாளைக்குத் தர்றேன்னு."

"அதுக்கப்புறம்."

"போயிட்டு வாங்கன்னு. வர்ற எல்லார்கிட்டயும் அதானே சொல்லுவேன்? பெட்டியை எடுத்துட்டுப் போறவங்ககிட்ட வேற என்ன சொல்ல?"

போயிட்டு வாங்க. தணிக்கை தட்டினாள். தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேனுக்குள் நெட்வொர்க் ஒழுங்காக வரவில்லை. அண்ணன் எழுந்து அவள் கையைப் போனோடு சேர்த்துக் கூரைவரை தூக்கிப் பிடித்தான்.

காலி.

கத்துவதற்கு அண்ணி மூச்சை இழுத்தாள். தணிக்கை பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். ரிப்பேர்காரர் தன் புதுப் பேரைச் சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்து, சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறக்கும்போதே வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒருவர்கூட இல்லை. பின்னால் ஒருவர் வந்து நின்றார். கோட்டு தைக்கிற பெரிய கடைக்காரர். கையில் விண்ணப்பம்.

"என்னண்ணே, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் அண்ணி, தேன் குரலில்.

"சும்மாத்தான்." விண்ணப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "அந்தப் பெட்டிக்காரர் ஒரு பேரை விடப் போறார்னு தெருவுல பேசிக்கிட்டாங்க."

முதலில் ரிப்பேர்காரரின் புதுப் பேர் பதிவாயிற்று. உறுதிமொழியை அவர் படிக்கக்கூட இல்லை, பேனாவை ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தார். அடுத்து, பழைய பேரை விடுவதாக எழுதிக் கொடுத்தார். கவுன்டர் அம்மாள் ஏதோ தட்டினாள்.

"இன்னும் கொஞ்ச நாள், இப்ப யாருக்கும் இல்லை," என்றாள்.

பேர் அந்தரத்தில் நின்றது. தணிக்கை விண்ணப்பத்தை நீட்டினாள். அம்மாள் அதைப் புரட்டிவிட்டு, "கையெழுத்து இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தாள். உறுதிமொழிக்குக் கீழே வெறுமையாக இருந்தது. அம்மாள் எதிரில் போட வேண்டியது என்று அவள்தான் விட்டு வைத்திருந்தாள். பேனாவை எடுத்தவள், என் அறிவுக்கு எட்டியவரை என்ற வரியில் வந்து நின்றுவிட்டாள்.

"போடுடி!" என்றாள் அண்ணி.

"இருங்க அண்ணி. ஒரு தடவை யோசிச்சுக்கறேன்."

"யோசிக்கறதா இருந்தா ஓரமா நின்னு யோசிங்கம்மா," என்று பின்னாலிருந்து கோட்டுக்காரர் முன்னால் நகர்ந்தார். "அடுத்தவங்களுக்கு வேலை இருக்கு. மேடம், என்னோடதைப் பாருங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"தணிக்கை, தாயே, உன் காலைப் பிடிக்கிறேன்," என்றான் அண்ணன்.

தணிக்கைக்கு யாருடைய குரலும் காதில் ஏறவில்லை. அவள் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மனதுக்குள் நடந்துகொண்டிருந்தாள். காலர்காரர், இல்லை. பொத்தான் கடை அம்மா, இல்லை. இஸ்திரி, இல்லை. கோட்டு, 'பேரு நல்லா இருக்கே' என்றுதான் சொன்னார், என்னுடையது என்று சொல்லவில்லை. மாடிப்படி, இல்லை, பிறகு ஆமாம், இப்போது மறுபடி இல்லை. இந்த வரியில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் குருட்டாம்போக்கில்தான் போடுகிறார்கள். இந்த ஊரிலேயே, தெரிந்து போடப்போகிறவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு நெஞ்சுக்குள் குறுகுறுவென்று ஏறி, சிரிப்பாக வெளியே வந்தது. நேற்றெல்லாம் அடக்கி வைத்ததும் சேர்ந்துகொண்டது. சிரித்துக்கொண்டே, கை குலுங்கக் குலுங்க, கையெழுத்துப் போட்டாள். அது அவளுடைய கையெழுத்து மாதிரியே இல்லை.

அம்மாள் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். கோட்டுக்காரர், "பேரு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டட உரிமையாளர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்கு இன்னும் நேரமிருந்தது. ரசீதை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் நெரிந்தது.

"இன்னும் கொஞ்ச நாளா?" என்றார். "என்னம்மா இது? மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடறேன்னு சொன்னீங்க. இப்ப இன்னும் கொஞ்ச நாள்னு எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க?"

அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவர்களை நம்பிப் பயனில்லை என்று தணிக்கைக்குப் புரிந்தது.

"அது பேரு மட்டும்தான் ஐயா. காலத்தைக் குறிக்கிறது இல்லை. சட்டப்படி, ஒப்பந்தத்துல என்ன எழுதறோமோ அதுதான் செல்லும்."

"பலகையைப் பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? கடை காலியாகப் போகுதுன்னுல்ல நினைப்பாங்க? பழச்சாறுக்காரர் தினமும் வந்து நிப்பாரே!"

"நிக்கட்டும் ஐயா. நின்னா ஏதாவது ஒரு பட்டன் அறுந்திருக்கும். தைச்சுக் கொடுத்து அனுப்பிடுவாங்க அண்ணி."

உரிமையாளர் ரசீதை இன்னொரு முறை படித்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது நிஜமான முத்திரைதான். பெருமூச்சு விட்டுவிட்டு, சட்டைப் பைக்குள் கையை விட்டார். கை உள்ளே போய், துணி கிழிகிற சத்தத்தோடு, பையின் அடிப்பக்கமாக வெளியே வந்தது. சாவி தரையில் விழுந்து உருண்டது.

அண்ணி குனிந்து எடுத்தாள். "முதல்ல சட்டையைக் கழட்டுங்க ஐயா," என்றாள், ஷட்டரைத் தூக்கிக்கொண்டே.